ஊரிலிருந்து மாத்திரை அட்டையோடு சிங்கப்பூர் வருகிறவர்களுக்கு

பெட்டி கட்டும்போது ஊறுகாய் கசியுமா என்றுதான் எல்லோருக்கும் கவலை. மருந்துப் பையை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. நான் இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. புதிதாக வரும் தம்பிகளிடம் முதலில் கேட்பதே "மாத்திரை என்ன கொண்டு வந்திருக்கே?" என்பதுதான்.

விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர் இருந்த காலம். மேல் கட்டில் பையனுக்கு முதுகுவலி. ஊர் மெடிக்கலில் சொல்லி வாங்கிய ட்ராமடால் இரண்டு அட்டை வைத்திருந்தான். வலிக்குத்தான் போட ஆரம்பித்தான். அப்புறம் "போட்டா உடம்பு லேசா மிதக்குதுண்ணே" என்று லீவு நாளுக்கும் அது தேவைப்பட்டது. இன்னொருவனிடம் தூக்க மாத்திரை இருந்தது. ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டையும் சேர்த்துப் போட்டு, மேலே பீரும் குடித்திருக்கிறார்கள். நடு ராத்திரியில் குறட்டை. இழுத்து இழுத்து வரும், நிற்கும், மறுபடி வரும். கீழிருந்து ஒருவர் தலையணையை எறிந்து திட்டினார். மூன்று மணிக்குக் கழிவறைக்கு எழுந்தவர் போன் வெளிச்சத்தில் பார்த்தால் பையனின் உதடு நீலம். உலுக்கினாலும் எழவில்லை.

அப்போதும் நாங்கள் ஆம்புலன்ஸுக்கான 995-ஐ உடனே அழைக்கவில்லை. "போலீஸ் வருமா, வேலை பெர்மிட் போயிடுமா" என்று ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டு நின்றோம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பையன் பிழைத்தான். இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டான். என்ன கணக்கில் போனான் என்பது இங்கே வேண்டாம்.

அது குறட்டையே இல்லை, மூச்சு அடங்கிக்கொண்டிருந்த சத்தம் என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னார். ட்ராமடால், டேபென்டடால், கோடீன் எல்லாம் அபினி குடும்பம். மூச்சை நடத்தும் மூளைப் பகுதியை மந்தமாக்கும். டயஸிபாம், அல்பிரஸோலாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளும் மதுவும் மூளையை இன்னும் அமுக்கும். தனித்தனியே தாங்குகிற உடம்பு சேர்த்துப் போட்டால் தாங்காது. இந்த இரண்டு வகையும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று மருந்துத் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் உத்தரவிட்டது. ட்ராமடாலில் வலிப்பு வரும் அபாயம் தனி.

சரி, சட்டத்துக்கு வருவோம். "டாக்டர் எழுதுகிற மருந்துதானே" என்ற வாதம் இங்கே ஏற்கெனவே தோற்றுப்போன வாதம். சுபுடெக்ஸ் என்ற மாத்திரை ஹெராயின் பழக்கத்திலிருந்து மீட்க கிளினிக்குகளில் சட்டப்படி கொடுக்கப்பட்டதுதான். ஆட்கள் அதைப் பொடித்து, டோர்மிகம் தூக்க மாத்திரையோடு கலந்து ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். 2006 ஆகஸ்ட் 14 அன்று அரசு அதை 'ஏ' பிரிவு போதைப்பொருளாக்கியது. இங்கே சட்டம் போதைப்பொருளை 'ஏ', 'பி', 'சி' என்று பிரிக்கிறது; 'ஏ' தான் கடுமையானது. ஹெராயின் இருக்கும் அதே பிரிவு. அண்மையில் எட்டோமிடேட்டுக்கும் இதே கதை. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கும் மருந்து; அதை மின்சிகரெட்டில் ஊற்றி 'கேபாட்' என்று விற்றார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று அதை 'சி' பிரிவில் சேர்த்தார்கள். இங்கே மின்சிகரெட்டே தடை என்பதால், "ஒரு இழுப்புதானே" என்று யாராவது நீட்டினால் அந்த இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

கோடீன் 'பி' பிரிவு. எரிமின் என்கிற தூக்க மாத்திரை 'சி' பிரிவு. கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளை உட்கொண்டால் 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். சிறுநீர்ச் சோதனைக்கு மறுப்பதே தனிக் குற்றம். குடிமக்களும் பிஆர் என்கிற நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் இங்கே வழக்கு வரும். பிஆர் கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடாதீர்கள். ட்ராமடால் போன்றவை வேறு சட்டத்தில், மருந்துக் கட்டுப்பாட்டில் வருகின்றன. உரிமம் இல்லாமல் விற்றால் அதற்கும் சிறை உண்டு.

நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் நல்ல மனசால்தான். "தலைவலியா, இந்தா என்கிட்ட இருக்கு" என்று அட்டையைக் கிழித்துக் கொடுப்போம். போதைப்பொருள் சட்டத்தில் 'கடத்தல்' என்பதற்குள் விற்பது மட்டுமல்ல, சும்மா கொடுப்பதும் அடங்கும். காசு வாங்கவில்லை என்பது பதில் ஆகாது. கடத்தலுக்குச் சிறையோடு பிரம்படியும் இருக்கிறது.

உண்மையிலேயே நோய்க்காக மருந்து எடுப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு மேல் கொண்டு வராதீர்கள். தூக்கம், பதற்றம், கடும் வலி ஆகியவற்றுக்கான மருந்து, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து என்றால் டிக்கெட் போட்டவுடன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் ரசாயனப் பெயரைப் போட்டுப் பாருங்கள். முன்அனுமதி கேட்டால் பறக்கும் முன்பே வாங்குங்கள். டாக்டர் கடிதம் ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள்.

தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்றால் மனநல உதவி எண் 1771-ஐ அழைக்கலாம், எந்த நேரமும். அறையில் யாராவது அந்த மாதிரி குறட்டை விட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 995. எங்கள் ஐந்து நிமிஷம் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு தங்கை கேட்டிருந்தார்: அம்மா குருமாவுக்குக் கசகசா கட்டிக் கொடுக்கிறார், கொண்டு வரலாமா என்று. வேண்டாம்மா. அதுவும் அபினிச் செடியின் விதைதான், இங்கே தடை. துபாய் போகிறவர்களுக்கும் அதேதான். முந்திரியை அரைத்து ஊற்றுங்கள், குருமா கெட்டியாகத்தான் வரும்.