12 மணிக்கு நிழல் வடக்கே விழ மாட்டேங்குது, அவசரம்

வாத்தியார்8பி: மாடியில 1 மீட்டர் கம்பு நட்டு பசங்களுக்கு உச்சிவேளை காட்டலாம்னு பார்த்தேன். சரியா 12 மணிக்கு நிழல் வடக்கே விழாம மேற்கே ஒதுங்கிக் கிடக்குது. மூணு தடவை பிடுங்கி நட்டுட்டேன். நாளைக்குப் பசங்க வர்றாங்க. எங்க தப்பு?

ஓசூர்க்காரன்: எந்த ஊர், என்ன தேதி சார்? வடக்கை எதை வச்சுக் குறிச்சீங்க?

மேஸ்திரி மகன்: கம்பு சாஞ்சிருக்கும். தூக்குகுண்டு விட்டு ரெண்டு பக்கமும் பாருங்க.

காவேரிப்பட்டணத்தான்: போன் திசைகாட்டியா? நம்பவே நம்பாதீங்க. தளத்துக்குள்ள கம்பி ஓடுது. எங்க மாடியில நாலு எட்டு நகர்ந்தா வடக்கே மாறுது.

வாத்தியார்8பி: தருமபுரி. இன்னைக்கு, பிப்ரவரி 11. வடக்கு போன்ல பார்த்ததுதான். குண்டு விட்டேன், கம்பு நேராத்தான் நிக்குது. 12 மணிக்கு நிழல் 52 செ.மீ. அப்புறமும் குறைஞ்சுக்கிட்டே போய் அரை மணி கழிச்சு 49.

வானமூத்தவன்: பத்து வருஷமா இதையே எழுதிக் கை ஓஞ்சு போச்சு. கடிகாரத்துல 12 ஆனா உச்சின்னு யார் சொன்னது? நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது. தருமபுரி 78.16. டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக 17 நிமிஷம் தாமதம். பூமியோட பாதை நீள்வட்டம், அச்சு 23.4 டிகிரி சாய்வு. இந்த ரெண்டாலயும் பிப்ரவரி நடுவுல இன்னும் 14 நிமிஷம் தள்ளும். 12.31. இதுகூடத் தெரியாம வகுப்பு எடுக்கப் போறீங்களா?

ஓசூர்க்காரன்: கணக்கு சரிங்க, ஆளை ஏன் குட்டறீங்க? அவர் அளந்து பார்த்துட்டுத்தானே கேட்டார். சார், நவம்பர் ஆரம்பத்துல நட்டிருந்தா 12.01க்கே உச்சி வந்திருக்கும், இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

பாப்பாரப்பட்டி: பஞ்சாங்கமே போதுங்க. இன்னைக்கு உதயம் 6.40, அஸ்தமனம் 6.22. நடுவுல 12.31.

வானமூத்தவன்: எந்தப் பஞ்சாங்கம்? சனிப்பெயர்ச்சி இப்போதைய வானக் கணக்கு வச்சுப் போடற திருக்கணிதப் பஞ்சாங்கத்துல 2025 மார்ச் 29, பழைய வாய்ப்பாடு வச்சுப் போடற வாக்கியப் பஞ்சாங்கத்துல 2026 மார்ச் 6. இருக்கிறது ஒரே சனி.

பாப்பாரப்பட்டி: திருநள்ளாறுல வாக்கியம்தான். தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கத்தைக் கேலி பண்ணாதீங்க.

ஓசூர்க்காரன்: கோயிலுக்கு அதன் வழக்கம் இருக்கட்டும்ணா. வானத்துல சனி நிக்கிற இடம் திருக்கணிதத்தோடதான் ஒத்துப்போகுது, நட்சத்திரங்களை வச்சு யாரும் பார்க்கலாம்.

மேஸ்திரி மகன்: சனியை அப்புறம் பேசலாம், சாருக்கு விடிஞ்சா வேலை இருக்கு. சார், கம்படியில நூல் கட்டி 70 செ.மீ.க்கு வட்டம் கீறுங்க. 11 மணி வாக்குல நிழல் நுனி வட்டத்தைத் தொடும், ஆணி அடிச்சு வைங்க. நுனி உள்ள போய்ட்டு 2 மணிக்கு மேல வெளிய வரும், அங்கயும் ஒரு ஆணி. ரெண்டு ஆணிக்கும் நூல் பிடிச்சா கிழக்கு மேற்கு. அதோட பாதியில இருந்து கம்படிக்கு இழுத்தா வடக்கு தெற்கு. ஸ்தபதிங்க சங்குன்னு சொல்ற முளைக்குச்சியை நட்டு திசை பார்க்கிறது இப்படித்தான். கடிகாரமே வேணாம்.

காவேரிப்பட்டணத்தான்: போனும் வேணாம். பசங்க சூரியனை நேராப் பார்க்காம பார்த்துக்கோங்க சார்.

வாத்தியார்8பி: (ரெண்டு நாள் கழிச்சு) வட்டம் போட்டோம். நுனி தொட்டது 10.58, வெளிய வந்தது 2.05. பசங்களே சுண்ணாம்புல கோடு போட்டாங்க. போன் காட்டின வடக்கு 6 டிகிரி தள்ளி இருந்துச்சு. ஏப்ரல் 22 வாக்குல உச்சியில நிழலே இருக்காதுன்னு சொன்னேன், லீவுலயும் வர்றோம்ங்கிறாங்க. நன்றி மேஸ்திரி தம்பி.