ஏடிஎஸ் 1115 சிப்பில் ரீடிங் நிலையாக நிற்கவில்லை, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கோழிமுட்டை இன்குபேட்டர் ஒன்று செய்கிறேன். 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். வெப்பநிலை சென்சார் எல்எம் 35, டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆர்டுயினோ ஊனோ போர்டின் 10 பிட் ஏடிசியில் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) ஒரு படியே கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டிகிரி. முட்டைக்கு அது போதாது என்றுதான் தனி 16 பிட் ஏடிசி சிப்பான ஏடிஎஸ் 1115 வாங்கினேன்.

4.096 வோல்ட் ரேஞ்சில் ஒரு படி 0.125 மில்லிவோல்ட், 37.5 டிகிரிக்கு ரீடிங் 3000 வர வேண்டும். ஃபேன் நின்றிருந்தால் சரியாக வருகிறது. ஃபேன் ஓடினால் 2960க்கும் 3050க்கும் இடையே குதிக்கிறது, ஒரு டிகிரிக்கு மேல்! சென்சார் வயர் 2 மீட்டர், ஃபேனுக்கும் சிப்புக்கும் ஒரே 5 வோல்ட் சப்ளை.

கிரவுண்டைப் பிரிக்க வேண்டுமா, இன்புட்டில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் போட வேண்டுமா? ரேஞ்சை 0.512 வோல்ட்டுக்குக் குறைத்தால் பயன் உண்டா? இன்னொன்று, சிப்பின் இரண்டாவது சேனலை (இன்புட்டை) படித்தால் சில நேரம் முதல் சேனலின் மதிப்பே வருகிறது. ஸ்பீடு நொடிக்கு 128 சாம்பிள். சேனல் மாற்றியபின் 8 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டுமோ? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் முட்டை வைக்கணும்.