டேவிட் லீன் படங்கள்: காவியத்துக்குப் பின் எதைப் பார்ப்பது?

சத்துவாச்சாரி வாசகர்:
‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வை (1962) நேற்றிரவு கைப்பேசியில் பார்த்து முடித்தேன். பாலைவனம் பிடித்திருந்தது, ஆனால் காதலே இல்லாத இவ்வளவு நீண்ட படத்தை எடுத்த டேவிட் லீனையா காதல் பட இயக்குநர் என்கிறார்கள்? அடுத்து எதைப் பார்க்கலாம்?

காட்பாடி வாசகர்:
கைப்பேசியிலா, ஐயா! கானல்நீரில் கரும்புள்ளியாகத் தோன்றும் நடிகர் ஒமர் ஷெரீப், ஒட்டகத்தின் மேல் மெல்ல மெல்ல வளர்ந்து கிணற்றடிக்கு வந்து சேரும் காட்சி, உள்ளங்கையளவு திரையில் புள்ளியாகவே நின்றுவிடும். காதலுக்கு, 1945இல் வந்த ‘பிரீஃப் என்கவுண்டர்’ படத்தைப் பாருங்கள். ரயில் நிலையத்தில் கண்ணில் தூசி விழுந்த ஒரு குடும்பப் பெண்ணுக்கு, மருத்துவர் ஒருவர் கைக்குட்டை நுனியால் அதை எடுத்துவிடுகிறார், அவ்வளவுதான் தொடக்கம். கடைசிப் பிரிவின்போது வம்பளக்கும் தோழி ஒருத்தி மேசைக்கு வந்து அமர்ந்துவிடுவதால், விடைபெறக்கூட வழியின்றி, அவர் அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போகிறார். காட்பாடி சந்திப்பில் வண்டிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோள்தான் நினைவுக்கு வரும்.

ஆற்காடு வாசகர்:
காவியமும் காதலும் சேர்ந்து வேண்டுமென்றால் ‘டாக்டர் ஷிவாகோ’ (1965) இருக்கிறது. ரஷ்யாவாகத் தெரிவதில் பெரும்பகுதி ஸ்பெயினில் எடுக்கப்பட்டது. ஆயினும் புரட்சியின் இரைச்சலில் காதலர்கள் சற்றுத் தொலைந்துபோகிறார்கள் என்பது என் கருத்து.

சத்துவாச்சாரி வாசகர்:
நன்றி. ஞாயிறன்று தம்பி வீட்டுப் பெரிய தொலைக்காட்சியில், முதலில் அந்தக் கிணற்றடியைத்தான் மறுபடி பார்க்கப் போகிறேன்.