மறுமொழி: போருக்கு முன் மறைவாக நடக்கும் படைக் கூட்டுக்கு ஒரு சொல்

ராயபுரம் அண்ணன் எழுதியது:
> 'கூட்டுச்சதி'ன்னு போட்டு அச்சுக்கு அனுப்புங்கப்பா. பேப்பர் படிக்கிறவனுக்கு அது புரியுது. இதுக்குப் போயி இன்னா இத்தன மடல்?

அண்ணே, வணக்கம்.

அனுப்பலாம். ஆனால் படிப்பகத்துக்கு நாம் தயாரிக்கும் கையேட்டில் அந்தச் சொல் வருகிற மூன்று இடங்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். 1956 சூயஸ் போருக்கு முன் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் செய்துகொண்ட ஏற்பாடு கூட்டுச்சதி. 1906 முதல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படை அதிகாரிகள் நடத்திய பேச்சும் கூட்டுச்சதி. 1967 அரபு-இஸ்ரேல் போரில் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்களும் இஸ்ரேலோடு சேர்ந்து தாக்கின என்று கெய்ரோ வானொலி சொன்னதே, அதுவும் கூட்டுச்சதி. முதலாவது, ஆவணத்தோடு பிடிபட்ட சதி. இரண்டாவது நடந்தது உண்மை, சதியா என்பது வழக்கு. மூன்றாவது நடக்கவேயில்லை. மூன்றுக்கும் ஒரே முத்திரையைக் குத்திவிட்டு வாசகனுக்குப் புரிகிறது என்று எப்படிச் சொல்வது?

சூயஸ் கதை பாதிதான் தெரியும் என்று காசிமேட்டுத் தம்பி எழுதியிருந்தார். 1956 அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில், ஒரு வீட்டுக்குள் மூன்று நாட்டாரும் கூடினார்கள். இஸ்ரேல் பிரதமர் பென்-குரியன் நேரிலேயே வந்தார். பேசி முடித்தது இது: இஸ்ரேல் எகிப்தின் சினாய்க்குள் இறங்கும். பிரிட்டனும் பிரான்சும் ஒன்றும் அறியாதவர்களாக எழுந்து, இரு தரப்பும் கால்வாயை விட்டு விலக வேண்டும் என்று கெடு வைக்கும். எகிப்து மறுக்கும். உடனே கால்வாயைக் 'காப்பாற்ற' இவர்கள் படை இறங்கும். 29ஆம் தேதி இஸ்ரேல் இறங்கியது, 30ஆம் தேதி கெடு வந்தது. கால்வாயிலிருந்து பத்து மைல் தள்ளி நிற்கச் சொன்ன கெடு. வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் இஸ்ரேல் படை அந்தப் பத்து மைல் கோட்டையே எட்டவில்லை. விலகு என்ற பெயரில் இன்னும் முன்னே வா என்றார்கள். வரைபடம் பார்க்கத் தெரிந்த எவனுக்கும் அன்றைக்கே மூக்கில் வேர்த்திருக்கும்.

பிரிட்டிஷ் பிரதமர் ஈடனோ டிசம்பர் 20 அன்று நாடாளுமன்றத்தில், இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று சொன்னார். செவ்ரில் பேசியதை எழுதிய தாளில் பிரிட்டனுக்காகக் கையெழுத்துப் போட்டவர் பாட்ரிக் டீன் என்ற அதிகாரி. தாள் என்று ஒன்று உண்டானதே ஈடனுக்குப் பிடிக்கவில்லை. பிரதிகளை அழிக்கக் கேட்டு ஆளை மறுபடி பாரிஸுக்கு அனுப்பினார். பிரிட்டன் பிரதி அழிந்தது, இஸ்ரேல் பிரதி பிழைத்தது. இதைச் சதி என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

1906க்கு வருவோம். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே அனுமதித்த பேச்சு. ஜெர்மனியோடு சண்டை வந்தால் ஆங்கிலப் படை பிரான்சில் எங்கே இறங்கும், அங்கிருந்து எப்படிப் போகும் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. அமைச்சரவை முழுவதற்கும் விஷயம் எட்டியது 1911இல்தான். 1912 நவம்பரில் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் கம்போனும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள்: இது வல்லுநர்களுக்குள் நடக்கும் பேச்சு, எந்த அரசையும் கட்டுப்படுத்தாது என்று. தாளில் கட்டுப்பாடு இல்லைதான், கடலில் இருந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் பெரும்பகுதி மத்தியதரைக் கடலுக்குப் போய்விட்டது. பிரான்சின் வடகரையைக் காக்க ஆங்கிலேயனை விட்டால் ஆளில்லை. 1914 ஆகஸ்ட் 3 அன்றுதான் கிரே நாடாளுமன்றத்தில் இதையெல்லாம் விளக்கினார். மறுநாள் பிரிட்டன் போரில் இறங்கியது, கேட்காமலே நம்மையும் இழுத்துக்கொண்டு. செப்டம்பர் 22 இரவு நம் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் மேல் ஜெர்மனியின் எம்டன் கப்பல் குண்டு போட்டது. அண்ணே, 'அவன் பெரிய எம்டன்' என்று வாய்க்கு வாய் சொல்கிறவர் நீங்கள். அந்தச் சொல் வந்த வழியே பின்னால் நடந்தால், லண்டனில் அமைச்சரவைக்கே சொல்லாமல் நடந்த பேச்சில் போய் நிற்போம். (ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைந்ததால்தானே பிரிட்டன் இறங்கியது, அதை விட்டுவிட்டாயே என்று வண்ணாரப்பேட்டைத் தோழர் சண்டைக்கு வருவார். விடவில்லை தோழர், இது கையேடு இல்லை, மடல்.)

இது சதியா? போரைக் கிளப்பிவிடும் நோக்கம் அதில் இல்லை. வந்தால் என்ன செய்வது என்ற கணக்கு அது. 1941 ஜனவரி 29 முதல் மார்ச் 27 வரை வாஷிங்டனில் அமெரிக்க, பிரிட்டிஷ் படை அதிகாரிகள் நடத்திய பேச்சும் அந்த வகைதான். பிரிட்டிஷ் அதிகாரிகள் சீருடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் போய்ப் பேசினார்கள். ஜெர்மனியை முதலில் முடிப்பது என்ற அடிப்படை அங்கேதான் உறுதியானது. அமெரிக்கா போருக்குள் வர இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

1967 இதற்கு நேர் எதிர். எகிப்து அதிபர் நாசரும் ஜோர்டான் மன்னர் ஹுசைனும், அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன என்று அறிவிப்பதைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டு ஜூன் 8 அன்று இஸ்ரேல் வெளியிட்டது. அதற்குள் பல அரபு நாடுகள் அமெரிக்காவோடு உறவை முறித்துக்கொண்டிருந்தன. அந்த மக்களை முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் செவ்ரில் அப்படி ஒன்று மெய்யாகவே நடந்திருக்கும்போது, இந்த முறையும் நடந்திருக்கும் என்று நம்பத்தான் தோன்றும்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. போருக்கு முன், படை விஷயத்தில், சேர்ந்து செய்தது என்ற மூன்றை மட்டும் சொன்னால் போதும். மறைவா, குற்றமா, மெய்யா என்பதெல்லாம் அடைமொழியாக வரட்டும்.

இதுவரை வந்தவை:

பழைய வண்ணாரப்பேட்டைத் தோழரின் 'களவுக்கூட்டு'. தொல்காப்பிய வழியில் போயிருக்கிறார். ஊரறியாமல் கூடுவது களவு, ஊரறிய மணப்பது கற்பு; அறிவித்த கூட்டணிக்கு முந்திய நிலை அதனால் களவு. வெட்சியார் வேற்றுப் புலத்தில் ஆநிரை கவர்வதையும் களவு என்றே தொல்காப்பியர் சொல்வதால் போர்ப் பக்கமும் பொருந்தி வருகிறது. அழகான யோசனை. ஆனால் வியாசர்பாடியில் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். 'எதத் திருடுனாங்க?' என்று கேட்பார்.

திருவொற்றியூர்த் தங்கையின் 'மறைதுணை'. வினைத்தொகை என்பதால் மறைந்த, மறைகிற, மறையும் துணை மூன்றும் அடங்குகிறது. வலியறிதலில் வள்ளுவர் வைத்த 'துணைவலி'யோடும் உறவு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது, 'மறைதுணைன்னா சின்ன வீடாண்ணா?' என்று காசிமேட்டுத் தம்பி கேட்கும் வரை. இனி எனக்கு அது அப்படித்தான் கேட்கும்.

'உடந்தை' குற்றத்தோடு பிறந்த சொல். 'திரைமறைவு ஒத்துழைப்பு' விளக்கம், சொல் இல்லை. 'கூட்டணி' என்றால் தொகுதிப் பங்கீடு கண்முன் வருகிறது.

தம்பி சொன்ன 'சிண்டிகேட்'டைச் சொல்லாக எடுக்க முடியாது, ஆனால் அவர் விளக்கத்தைக் கையேட்டில் சேர்த்தே ஆகவேண்டும்: மீன் ஏலத்தில் இரண்டு வியாபாரிகள் ஒருவரை ஒருவர் தெரியாததுபோல எதிரெதிரே நின்று கேட்பார்கள், ஒருவர் பாதியில் கழன்றுகொள்வார், சரக்கைப் பிறகு பங்கு போட்டுக்கொள்வார்கள். சூயஸ் கெடுவை இதைவிட நன்றாக விளக்க முடியாது. 1906 பேச்சுக்கு இது ஒட்டாது.

என் முன்மொழிவு: முன்கூட்டு.

'முன்கூட்டியே' என்று தினமும் சொல்கிறோம். முன் என்பதும் அதில் இருக்கிறது, கூட்டு என்பதும் இருக்கிறது. படை முன்கூட்டு என்றால் போருக்கு முன்னரே படை விஷயத்தில் கூடிச் செய்த ஏற்பாடு. மறைவாக இருந்தால் மறை முன்கூட்டு. ஏமாற்றும் திட்டத்தோடு செய்தது ஆவணத்தால் உறுதியானால் மட்டும் முன்கூட்டுச் சதி. ஊகமாக இருக்கும்வரை 'முன்கூட்டுக் குற்றச்சாட்டு', அதுவும் யார் சொல்கிறார் என்பதோடு.

– தண்டையார்பேட்டையிலிருந்து

பழைய வண்ணாரப்பேட்டைத் தோழர் எழுதியது:

தோழர், 'முன்கூட்டி' என்பது வினையெச்சம். அதை வெட்டிப் பெயராக்கலாமா? இன்னொன்று, 'முன்கூட்டியே திட்டமிட்டுக் கொலை' என்று நாள்தோறும் படிக்கிறோம். நீங்கள் விரட்டிய குற்ற வாடை பின்வாசல் வழியாக வருகிறதே. பெல்ஜியத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

தண்டையார்பேட்டை:

வெட்டவில்லை தோழர். முன்பணம், முன்பதிவு போல முன் + கூட்டு. 'முன்கூட்டி'யின் நினைவு கூடவே வருவது லாபம். வாடை 'கொலை'யிலிருந்து வருகிறது. முன்கூட்டியே டிக்கெட் எடுத்ததற்காக யாரையும் பிடித்துப் போகவில்லை.

திருவொற்றியூர்த் தங்கை எழுதியது:

அண்ணா, முன்கூட்டு எனக்குச் சம்மதம். 'மறைதுணை'யை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 'மறை' என்ற அடைமொழி யாரிடமிருந்து மறைவு என்று சொல்லவில்லை. 1906இல் ஜெர்மனியிடமிருந்து மட்டுமா மறைத்தார்கள்? சொந்த அமைச்சர்களிடமிருந்தே மறைத்தார்கள். சூயஸில் அமெரிக்காவுக்குத் தெரியாது, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கும் தெரியாது. எதிரியிடம் மறைப்பது போர்த் தந்திரம். வரி கட்டுகிறவனிடம் மறைப்பது வேறு. இரண்டையும் ஒரே 'மறை'யில் போட்டால், 'கூட்டுச்சதி'யில் நடந்த குழப்பம் திரும்ப வரும். 1939இல் ஜெர்மனியும் சோவியத்தும் தங்கள் ஒப்பந்தத்தோடு எழுதிக்கொண்ட ரகசிய இணைப்பை என்ன செய்யப்போகிறோம்? சோவியத் அதை 1989 வரை ஒப்புக்கொள்ளவில்லை.

தண்டையார்பேட்டை:

1939க்கு 'ரகசிய உடன்படிக்கை' என்ற சொல் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். அதில் ஆட்சிப் பரப்பைப் பிரித்துக்கொண்டார்கள். படைகள் கூடித் திட்டமிட்டது வேறு. யாரிடமிருந்து மறைவு என்பதற்கு இன்னொரு கலைச்சொல் உண்டாக்க எனக்குத் தெம்பில்லை, தேவையும் இல்லை. 'மறை முன்கூட்டு' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் 'நாடாளுமன்றம் அறியாத', 'எதிரி அறியாத' என்று வாக்கியத்திலேயே எழுதுவதைக் கையேட்டு விதியாக வைப்போம். எழுதுகிறவர் அதைச் சொல்ல முடியாவிட்டால் 'மறை'யை எடுத்துவிட வேண்டும். 1912 கடிதத்துக்கு 'நாடாளுமன்றம் அறியாத முன்கூட்டு' சரியா, பாருங்கள்.

ராயபுரம் அண்ணன் எழுதியது:

சரிப்பா, முன்கூட்டுன்னே போட்டுக்கோ. ஆனா சூயஸ் பக்கத்துல 'சதி'ய எடுத்தீங்கன்னா அச்சுக் கூலில என் பங்கு வராது, இப்பவே சொல்லிட்டேன். அந்த ஏலக் கத வர்ற எடத்துல தம்பி பேரு மட்டும் போடாதீங்க, அவன் நாளைக்கும் கடப்பொறம் போவணும்.