சென்னையில ஊர்க்காரங்க சாப்பிடுற கடைகள்: ஊர் பூரா கிளை வெச்சவங்களைப் பட்டியல்ல சேர்க்கலாமா?

மாடவீதி எழுதியது:
வெளியூர்லேருந்து யாராவது வந்து "எங்க சாப்பிடலாம்?"னு கேட்டா, நம்மில் பாதிப் பேர் பெரிய போர்டு போட்ட கடைக்குத்தான் வழி சொல்றோம். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அதனால ஒரு பட்டியல் போடலாம்னு ஆரம்பிக்கிறேன். என் விதி ஒண்ணுதான். ஒரு தெருவுல வேர் பிடிச்ச கடையா இருக்கணும். குடும்பத்து ஆளுங்களே நின்னு நடத்தணும். ஊர் பூரா கிளை பரப்பின கடை வேண்டாம்.

மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் மெஸ்தான் முதல். சந்து மாதிரி வழியில உள்ள போகணும், உட்காருற இடம் ரொம்பக் கம்மி. ஆனா அந்தப் பச்சைமிளகாய் கெட்டிச் சட்னி நாக்குல வெச்ச உடனே ஏறும் பாருங்க, அதுக்காகவே வெளியில நின்னு காத்திருக்கலாம். அடுத்தது கற்பகாம்பாள் மெஸ், கீரை வடைக்காக. கோயில் பக்கம் ஜன்னல் கடை, உண்மையிலேயே ஒரு வீட்டு ஜன்னல் வழியாத்தான் பஜ்ஜி வரும். திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ல டோக்கன் வாங்கி, பந்தி மாறுற வரைக்கும் நிக்கணும். சேப்பாக்கம் நாயர் மெஸ், 1961லேருந்து இருக்கு, வஞ்சிரம் வறுவல். அப்புறம் சைதாப்பேட்டை மாரி ஹோட்டல் வடகறி. மீதியை நீங்க சொல்லுங்க.

பெரியதெரு எழுதியது:
ரத்னா கஃபே இல்லாம திருவல்லிக்கேணிக்கு என்ன பட்டியல்ங்க? 1948ல ஆரம்பிச்ச கடை. ஆரம்பிச்சவர் வடக்கே மதுராவுலேருந்து வந்தவர், அவர் கொடுத்த சாம்பார்தான் இன்னிக்கு நம்ம ஊர் அடையாளம். தட்டுல ரெண்டு இட்லி வெச்சு, அது முங்குற வரைக்கும் ஊத்துவாங்க. ஸ்பூனால ஒரு விள்ளல் எடுத்து முடிக்கறதுக்குள்ள சாம்பார் ஜக்கோட ஆள் வந்து நிப்பார். போதும்னு நாம சொல்ற வரைக்கும் ஊத்துவார். கிளை வெச்சுட்டாங்கங்கிற ஒரே காரணத்துக்காக இதைத் தள்ளி வெக்கிறது நியாயமில்ல.

மாடவீதி எழுதியது:
ரத்னா கஃபே சாம்பார்ல எனக்கு ஒரு குறையும் இல்ல சார். நான் சொல்றது பொதுவா. ஒரு கடை நாலாவது கிளை, அஞ்சாவது கிளைன்னு போனா ருசி பார்க்க முதலாளியால எல்லா இடத்துலயும் நிக்க முடியாது. காலையில சாம்பார்ல புளி தூக்கலா இருக்குன்னா அதை உடனே சரி பண்ற அதிகாரம் யார் கையில இருக்கு? மேனேஜர் போன்தான் பண்ணுவார். ராயர் மெஸ் மாதிரி இடத்துல சட்னி நீர்த்துப் போச்சுன்னா வாடிக்கையாளர் முகத்துலயே தெரிஞ்சுடும், அங்கேயே கேட்டுடுவாங்க. அந்த உறவுக்காகத்தான் இந்த விதி.

அசைவம்_மட்டும் எழுதியது:
இந்த விதிப்படி மவுண்ட் ரோடு புகாரியும் போயிடும். 1951லேருந்து நிக்கிற கடை, சிக்கன் 65 பிறந்ததே அங்கதான் 1965லன்னு அவங்க சொல்றாங்க. அதை விட்டுட்டு சென்னை சாப்பாட்டைப் பத்திப் பேச முடியாது. என் ஓட்டு பெரியதெரு சாருக்கு.

கல்லாப்பெட்டி எழுதியது:
நான் பல வருஷம் மேற்கு சென்னையில டிபன் கடை நடத்தினவன். இப்ப இல்ல. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கணும்.

கிளையை எண்ணாதீங்க. மாவு எங்க ஆட்டுறாங்கன்னு கேளுங்க. அதுதான் கோடு.

எங்க கடையில சாயங்காலம் ஆட்டி வெச்சா, சென்னை வெயிலுக்கு விடியறதுக்குள்ள பொங்கி வந்துடும். மே மாசம் நேரத்தைத் தள்ளி ஆட்டணும், மார்கழியில முன்னாடியே ஆட்டணும். உளுந்து புதுசா பழசான்னு பார்த்துத் தண்ணி விடணும். இதெல்லாம் கிரைண்டர் பக்கத்துல நிக்கிற ஆளோட கைக்குத்தான் தெரியும். சென்ட்ரல் கிச்சன் வந்தா கணக்கே வேற. ஒரே இடத்துல ஆட்டி, குளிர் அறையில வெச்சு, வண்டியில ஏத்தி அனுப்புவாங்க. வழியில புளிச்சுடக்கூடாதுங்கிறதுதான் முதல் கவலையா இருக்கும். சாம்பாரும் கேன்ல வரும், கடையில சூடு மட்டும் பண்ணுவாங்க. ரெண்டு மணி நேரம் சூட்டுலயே கிடந்த சாம்பார்ல பருப்பு கரைஞ்சு, காய் குழைஞ்சு, பெருங்காய வாசனை போயிடும். ருசி கெட்டுப் போறதில்ல. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஆயிடுது.

ஏன் அப்படிப் பண்றாங்கன்னும் சொல்லணும். பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிக்காதீங்க. நல்ல தோசை மாஸ்டர் கிடைக்கிறதில்ல, கிடைச்சாலும் பக்கத்துக் கடைக்காரன் ஆயிரம் ரூபா கூடக் கொடுத்தா போயிடுவார். 19 கிலோ வணிக சிலிண்டர் விலை மாசம் பொறந்தாலே மாறும். ஆப்ல ஆர்டர் வந்தா நூறு ரூபா பில்லுல இருபது இருபத்தஞ்சு ரூபா எங்க கையை விட்டுப் போச்சு. இதுக்கு மேல வாடகை. ஒரே கடையில இவ்வளவையும் தாங்க முடியாமத்தான் ரெண்டாவது கடை போடுறாங்க, செலவு பங்காகும்னு. நான் போடல. அதனாலதான் இப்ப வீட்டுல உட்கார்ந்து இதை எழுதுறேன்.

ஆகவே மூணு கிளை இருந்தாலும் மூணுலயும் தனித்தனியா ஆட்டி, தனித்தனியா தாளிக்கிற கடை என் கணக்குல பட்டியல்ல சேர வேண்டிய கடைதான். ஒரே கடையா இருந்தும் பாக்கெட் மாவு வாங்கி ஊத்தினா அது கிடையாது.

வண்ணாரப்பேட்டைப்_பொண்ணு எழுதியது:
எல்லாரும் நல்லா பேசுறீங்க. ஆனா பட்டியலை ஒரு தடவை பாருங்க. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், சைதாப்பேட்டை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வடக்கே யாரும் சாப்பிடறதே இல்லையா?

என்.எஸ்.சி. போஸ் ரோடு சீனா பாய் டிபன் சென்டர்ல பொடி தூவி, நெய்யில முழுக்காட்டின இட்லி, ஊத்தப்பம். மின்ட் தெருவுல காக்கடா ராம்பிரசாத் ஜிலேபி, பாதாம் பால். பாரிமுனைப் பக்கம் அத்தோங்கிற பர்மா நூடுல்ஸ் விக்கிற கடைகள். இது ஒண்ணுகூடவா உங்க கண்ணுல படல?

இன்னொண்ணும் சொல்றேன். நீங்க போட்ட மெஸ் எல்லாம் ஒரு காலத்துல மேன்ஷன்ல தங்கின ஆம்பிளைங்களுக்கும் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கும் சோறு போட்ட இடம். நல்ல இடம்தான், மறுக்கல. ஆனா இந்த ஊர்ல காலையில அஞ்சரை மணிக்கு வீட்டு வாசல்ல அடுப்பு மூட்டி இட்லி விக்கிறது பெரும்பாலும் பொம்பளைங்க. அவங்களுக்கு போர்டு இல்ல, அதனால எந்தப் பட்டியல்லயும் பேர் இல்ல. போர்டு வெச்சு பேர் வாங்கினவங்கன்னா மெரினா சுந்தரி அக்கா கடை மாதிரி விரல் விட்டு எண்ணிடலாம்.

மாடவீதி எழுதியது:
வடக்குப் பக்கத்தைச் சேர்க்கிறதுல எனக்கு முழுச் சம்மதம்மா, அதுக்குத்தான் மீதியைக் கேட்டேன். சீனா பாயைச் சேர்த்துக்கறேன். ஆனா தெருவோரக் கடைகளைப் பட்டியல்ல போட யோசிக்கிறேன். இன்னிக்கு இருக்கும், நாளைக்கு மாநகராட்சி எடுக்கச் சொல்லிடும். வெளியூர்க்காரர் நம்மளை நம்பிப் போய் நின்னு ஏமாறக்கூடாது இல்லையா?

வண்ணாரப்பேட்டைப்_பொண்ணு எழுதியது:
சார், அத்தோ கடைக்காரங்களைப் பார்த்து "இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது"ன்னு சொல்றது எனக்கு வலிக்குது.

1962ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணி எல்லாம் பறிபோய், தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்குல கப்பல் ஏறி இங்க வந்தாங்க. பர்மா பஜார் உருவானதே அவங்க பிழைப்புக்காகத்தான். அந்தச் சுற்றுவட்டாரத்துல ரெண்டு தலைமுறைக்கு மேல அத்தோ கிளறிக்கிட்டு இருக்காங்க. நீங்க சொன்ன வேர் பிடிச்ச கடைங்கிறதுக்கு இதை விட என்ன அத்தாட்சி வேணும்?

போய் முன்னாடி நின்னு பாருங்க. ஆரஞ்சு கலர் நூடுல்ஸை ஒரு கை அள்ளி, மெல்லிசா சீவின முட்டைகோஸ், வெங்காயம், நொறுக்கின பேஜோ (மொறுமொறு வடை மாதிரி), புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு பொரிச்ச எண்ணெய் எல்லாம் விட்டு, கையாலேயே பிசைஞ்சு தருவாங்க. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவிச்ச முட்டையைக் கீறி உள்ள பொரிச்ச வெங்காயமும் பூண்டும் அடைச்சு, மேல எண்ணெய் விட்டுக் கொடுக்கிற முட்டை மசாலா இருக்கே, அதை அப்படியே வாயில போட்டுக்கணும். கல்லாப்பெட்டி அண்ணன் சொன்ன விதியில வெச்சுப் பாருங்க. எல்லாமே கண்ணு முன்னாடி நடக்குது, சென்ட்ரல் கிச்சனுக்கு இடமே இல்ல.

கல்லாப்பெட்டி எழுதியது:
தங்கச்சி சொல்றது நூத்துக்கு நூறு சரி.

துரைப்பாக்கம்_அப்பா எழுதியது:
நான் எதிர்க்கட்சி. ரெண்டு சின்னப் பசங்களும் வயசான அம்மாவும் இருக்கிற வீடு எங்களுது. டோக்கன் வாங்கி வெயில்ல நிக்கிறது, சந்துக்குள்ள நுழையிறது, நின்னுக்கிட்டே சாப்பிடறது எல்லாம் தனியா போறவங்களுக்குச் சரி. அம்மாவுக்கு முட்டி வலி, உட்கார நாற்காலி வேணும். குழந்தைக்குக் கழிப்பறை வேணும். ராத்திரி பத்தரை மணிக்கு ஓ.எம்.ஆர்.ல வேலை முடிஞ்சு வர்றவளுக்கு வெளிச்சமா, பயமில்லாம உட்கார்ந்து தோசை சாப்பிட ஒரு இடம் வேணும். இதையெல்லாம் இந்த ஊருக்குக் கொடுத்தது நீங்க ஒதுக்கி வெக்கிற கிளைக் கடைகள்தான்.

சரவண பவனும் 1981ல கே.கே. நகர்ல ஒரே ஒரு கடையாத்தான் ஆரம்பிச்சுது. அன்னிக்கு இந்த இழை இருந்திருந்தா மாடவீதி சாரே முதல் பேரா அதைப் போட்டிருப்பார். நல்லா சமைச்சு ஜெயிச்சதுக்கு அப்புறம் பட்டியல்லேருந்து பேரை அடிக்கிறது என்ன நியாயம்? கூட்டம் சேர்ந்தா கடை பெருசாகத்தான் செய்யும்.

கல்லாப்பெட்டி எழுதியது:
துரைப்பாக்கம் தம்பி, கழிப்பறை விஷயத்துல உங்க பக்கம் நிக்கிறேன். சின்னக் கடைக்காரங்க இதுல கவனம் வெக்கணும், சாக்கு சொல்லக்கூடாது.

ஆனா கூட்டம் வந்தா கடை வளரும்ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். டிரைவ்-இன் உட்லண்ட்ஸுக்குக் கூட்டம் இல்லாமலா போச்சு? 1962லேருந்து கார்லயே உட்கார்ந்து டிபன் சாப்பிட்ட இடம், 2008ல மூடிட்டாங்க. ருசி கெட்டு மூடல. நிலம் கைவிட்டுப் போச்சு. அந்த இடத்துல இப்ப செம்மொழிப் பூங்கா இருக்கு. இந்த ஊர்ல ஒரு சாப்பாட்டுக் கடை நிக்குமா போகுமான்னு தீர்மானிக்கிறது அடுப்பை விட மண்ணுதான். நான் தொழில்ல இருந்தவரைக்கும் பார்த்தது இது: சொந்தக் கட்டடத்துல நடத்தினவன் நின்னான், வாடகைக்கு இருந்தவன் ஒண்ணு கிளை போட்டான், இல்ல இழுத்து மூடினான். அதனால கிளை போட்டவனைக் குத்தவாளியாப் பார்க்கவும் எனக்கு மனசு வரல, போடாதவனை மட்டும் தூக்கிக் கொண்டாடவும் மனசு வரல.

பெரியதெரு எழுதியது:
வேற ஒரு கவலையும் இருக்கு. இருபது பேர் உட்காருற மெஸ்ஸைப் பத்தி வீடியோ போட்டுட்டா மறுநாள் இருநூறு பேர் நிக்கிறாங்க. தினமும் வர்ற பென்ஷன்காரருக்கு இடம் கிடைக்கிறதில்ல. பேரைச் சொல்லுங்க, ஆனா ஞாயித்துக்கிழமை காலையில போகாதீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

மாடவீதி எழுதியது:
நல்ல யோசனை சார், அந்தக் குறிப்பை மேலேயே போடுறேன்.

பட்டியலை இப்படி வெச்சுக்கறேன். கடையோட பேரை மட்டும் எழுதாம, எந்தத் தெருவுல இருக்கிற கடைன்னு எழுதுவோம். ரத்னா கஃபேன்னா திருவல்லிக்கேணிக் கடை, புகாரின்னா மவுண்ட் ரோடு கடை. அங்கேயே சமைக்கிறாங்களாங்கிறது கல்லாப்பெட்டி சார் சொன்ன சோதனை, அதையும் சேர்க்கிறேன். துரைப்பாக்கம் நண்பருக்காக ஒவ்வொரு கடைக்கும் நேரா உட்கார இடம் உண்டா, கழிப்பறை உண்டான்னு குறிச்சுடலாம். ஆனா குடும்பத்து ஆள் கடையில இருக்கணும்ங்கிறதை மட்டும் நான் விட மாட்டேன். தெரியாத ஊர்ல "இன்னும் ஒரு வடை போட்டுக்கோங்க"ன்னு கேக்குற குரல் சம்பளத்துக்கு வேலை பாக்குறவர்கிட்ட எப்பவும் கிடைக்காது.

துரைப்பாக்கம்_அப்பா எழுதியது:
அந்தக் கடைசி வரியில எனக்கு உடன்பாடு இல்ல. ரத்னா கஃபேல சாம்பார் ஜக்கோட வந்து நிக்கிற அந்த ஊழியரும் சம்பளத்துக்குத்தான் நிக்கிறார். அவர் உபசாரம் எந்த முதலாளியோட உபசாரத்துக்கும் குறைஞ்சது இல்ல. மத்தபடி பட்டியலுக்குச் சம்மதம். அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க முதல்ல போகலாம்?

வண்ணாரப்பேட்டைப்_பொண்ணு எழுதியது:
அம்மாவுக்கு முட்டி வலின்னா திருவல்லிக்கேணி ரத்னா கஃபே போங்க, சாப்பாட்டு நேரக் கூட்டத்துக்கு முன்னாடி. நீங்களும் பசங்களும் மட்டும்னா சாயங்காலம் எங்க பக்கம் வாங்க. சீனா பாயும் அத்தோ கடைகளும் பொழுது சாய்ஞ்சாத்தான் சூடு பிடிக்கும். கார் வேண்டாம், மெட்ரோவுல வந்து ஐகோர்ட் ஸ்டேஷன்ல இறங்கி நடங்க. பசங்களுக்கு அத்தோவுல மிளகாய்த்தூள் வேண்டாம்னு பிசையறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.