தருமி தப்பித்தார், வெட்டுப்பட்ட மற்ற நகைச்சுவைக் காட்சிகள் படத்திற்குள் திரும்ப வேண்டுமா?

தேக்கா ரசிகன்:
1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமியாக வரும் நாகேஷ், ஆயிரம் பொன்னை நினைத்துக் கோயிலில் தனியாகப் புலம்பும் காட்சியை நாம் அனைவரும் அறிவோம். அது தம்மை மிஞ்சிவிட்டது என்று சிவாஜி வெட்டச் சொல்லிவிடுவாரோ என நாகேஷ் அஞ்சியதாகவும், போட்டுப் பார்த்த சிவாஜியோ ஓர் அடிகூடக் குறைக்கக் கூடாது என்று இயக்குநர் ஏ.பி. நாகராஜனிடம் சொன்னதாகவும் திரையுலகில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அப்படிக் காப்பாற்ற ஆளில்லாமல் போன காட்சிகள் எத்தனையோ! இப்போது படம் வெளிவந்த சில வாரங்களில் ‘நீக்கப்பட்ட காட்சி’ என்று இணையத்தில் விடுகிறார்களே, அவற்றுள் சில படத்தில் உள்ள நகைச்சுவையைவிட நன்றாக இருக்கின்றன. அவற்றைப் படத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

வெட்டி ஒட்டுபவன்:
தாங்கள் காட்டும் சான்று தங்கள் கருத்துக்கே எதிரானது, ஐயா. பொன்னின் மீதுள்ள ஆசையையும் பாட்டெழுத வராத இயலாமையையும் தருமி அந்தச் சில நிமிடங்களில் கொட்டித் தீர்ப்பதால்தான், இறைவன் புலவராக வந்து நிற்பதற்கே காரணம் கிடைக்கிறது; அதை எடுத்துவிட்டால் பின்னால் வரும் கேள்வி பதிலும், அரசவையில் நக்கீரரோடு நடக்கும் வாதமும் அந்தரத்தில் தொங்கும். இணையத்தில் விடப்படும் காட்சிகளின் நிலை வேறு. அவை இல்லாமலேயே படத்தைப் பார்த்தோம், எதுவும் குறைந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

நான் தொலைக்காட்சி நாடகங்களுக்குப் படத்தொகுப்புச் செய்பவன். தனியாகப் பார்க்கும்போது வயிறு குலுங்கச் சிரித்த காட்சியை, சாவு வீட்டுக் காட்சிக்கு முன்னால் வைத்துப் பார்த்ததும் நானே எடுத்துப் போட்டிருக்கிறேன். நடிகர் மீது எந்தக் குறையும் இல்லை. அடுத்து வரும் அழுகையை அந்தச் சிரிப்பு கெடுத்துவிடும்.

ஈசூன் வாணி:
இருவரும் பார்வையாளரை மறந்துவிட்டீர்கள். நம் சிங்கப்பூர்த் திரையரங்குகளில் ‘இடைவேளை’ என்ற எழுத்து திரையில் வந்தாலும் படம் பெரும்பாலும் நிற்காமல் ஓடுகிறது. மூன்று மணி நேரப் படத்தை இரவுக் காட்சியில் பார்த்துவிட்டு வந்தால் கடைசி எம்ஆர்டி போய்விடுகிறது. இன்னும் பத்து நிமிடம் சேர்ப்பதென்றால் டாக்சிக் கட்டணத்தையும் தயாரிப்பாளரே கொடுக்கட்டும்.

தேக்கா ரசிகன்:
வாணி அவர்களே, நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் கதாநாயகன் மெதுவாக நடந்துவரும் காட்சிகளில் கத்தரியை வைக்கலாமே! அங்கே யாரும் கை வைப்பதில்லை.

கதைக்குத் தேவையா என்ற அளவுகோலையும் நான் ஏற்கமாட்டேன். 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை எடுத்துவிட்டால் கதையில் என்ன குறையும்? என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலிருந்தே நம் படங்களில் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதிச் சேர்க்கும் வழக்கம் உண்டு. கதையை நகர்த்தாதவற்றையெல்லாம் நீக்குவதென்றால், கவுண்டமணியும் செந்திலும் பாதிப் படங்களிலிருந்து வெளியேற வேண்டியிருக்கும். சிவாஜியின் பெருந்தன்மை எல்லாக் கதாநாயகர்களிடமும் இருந்ததா என்பதையும் தாங்கள் சொல்லவில்லை.

வெட்டி ஒட்டுபவன்:
கதாநாயகர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எனக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் வாழைப்பழக் காட்சியைப் பாருங்கள். காசு கொடுப்பதில் தொடங்கி, பழம் ஒன்று குறைந்து, அந்த இன்னொரு பழம் எங்கே என்ற கேள்வியில் சுற்றிச் சுற்றி வந்து அடி உதையில் முடிகிறது. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாத கட்டுமானம் அது. நீக்கப்பட்ட காட்சிகளில் நான் பார்ப்பதோ, நடிகர் அந்த நேரத்தில் தோன்றியதையெல்லாம் பேசிக்கொண்டே போவதும், எதிரில் நிற்பவர் எப்போது முடிப்பார் என்று காத்திருப்பதும்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் பின்னால் டப்பிங்கில் பதிவு செய்கிறார்கள். அதற்கு முன்பே வெட்டுப்பட்ட காட்சியில் படப்பிடிப்புத் தளத்தின் இரைச்சலும் இயக்குநரின் குரலும்தான் இருக்கும். அதைத் திரையரங்கில் யார் உட்கார்ந்து கேட்பது?

பழைய பிரதி:
டப்பிங் இல்லாவிட்டாலும் அதைப் பாதுகாக்க வேண்டும் என்பேன். ஆசியப் படங்களைப் பாதுகாப்பதற்கென்றே 2005 முதல் ஒரு காப்பகம் இங்கே சிங்கப்பூரில் இயங்கிவருகிறது. முழுப் படங்களோடு, வெட்டப்பட்ட துண்டுகளையும் இத்தகைய இடங்களுக்குத் தயாரிப்பாளர்கள் கொடுத்துவைத்தால், நாளை ஒரு நடிகரைப் பற்றி ஆராய்பவருக்குப் பயன்படும். படத்தைத் தொடவும் வேண்டியதில்லை.

தேக்கா ரசிகன்:
ஆராய்ச்சியாளர் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாகப் பார்ப்பதற்கா ஒரு நகைச்சுவை நடிகர் அத்தனை பாடுபட்டார்? அரங்கில் நூறு பேர் சிரிக்கும்போதுதான் அந்தக் காட்சி உயிர்பெறும். பழைய படங்களை மீண்டும் வெளியிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. டப்பிங் முடிந்து, நீளம் கருதி மட்டும் எடுக்கப்பட்ட காட்சிகளையாவது அந்த மறுவெளியீட்டில் சேர்க்கலாமே.

வெட்டி ஒட்டுபவன்:
அந்த அளவில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதலில் வந்த வடிவத்தையும் அதே வாரத்தில் ஓட்ட வேண்டும். எந்தக் காட்சி சேர்க்கப்பட்டது என்று சுவரொட்டியிலேயே அச்சிடவும் வேண்டும். எந்த அரங்கில் சிரிப்புச் சத்தம் அதிகம் என்பதை நாம் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.