கறிவேப்பிலைக்கு வாற கறுப்பு-சிவப்பு வண்ணத்துப்பூச்சி எது?

கேள்வி (களுவாஞ்சிகுடி):
முற்றத்துக் கறிவேப்பிலையைச் சுத்தி ஒண்டு பறக்குது. கறுப்புச் செட்டை, பின்செட்டையில சிவப்புப் பொட்டு, வாலும் இரிக்கி. கிரிம்சன் றோஸ் எண்டு ஒராள் சொல்றார், இல்லையெண்டு இன்னொராள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு இனத்தை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டோணும். இதை எடுக்கலாமா?

பதில் (கல்லடி):
செட்டையை விடுங்க, உடம்பைப் பாருங்க. தலையும் வயிறும் ரத்தச் சிவப்பெண்டா கிரிம்சன் றோஸ். உடம்பு கறுப்பெண்டா கொமன் மோர்மன் பெட்டை. கறிவேப்பிலையில முட்டை வைக்கிறது மோர்மன்தான். றோஸ் ஈஸ்வரமூலிக் கொடியைத் தேடிப் போகும். அந்தக் கொடியின்ர நஞ்சு றோஸின்ர உடம்பில ஏறுறதால குருவி தின்னாது. நஞ்சில்லாத மோர்மன் பெட்டை அதே உடுப்பைப் போட்டுத் தப்புது. எல்லாப் பெட்டையும் அப்பிடியில்லை, ஆணைப் போலவே பின்செட்டையில வெள்ளைப் பொட்டு வரிசையோட வாறதும் உண்டு. இந்தக் கள்ளத்தனத்துக்கே என்ர ஓட்டு மோர்மனுக்கு.

பதில் (அக்கரைப்பற்று):
தாராளமா எடுங்க. முட்டை குருத்திலையில, மங்கல் மஞ்சள், குண்டூசித் தலையளவு. 3–5 நாளில பொரிக்கும். சின்னப் புழு குருவி எச்சம் மாதிரிக் கிடக்கும், கடைசித் தோல் உரிச்சாத்தான் பச்சை. தொட்டா தலைக்குப் பின்னால சிவப்புக் கொம்பு நீட்டி நாறும், கடிக்காது.

கறிவேப்பிலைக் கொப்பைத் தண்ணிப் போத்தலில வச்சு போத்தல் வாயைப் பஞ்சால அடைக்கோணும், இல்லாட்டி புழு இறங்கி மூழ்கிப்போகும். வளர்க்கிற பெட்டிக்கு மூடி போடாதீங்க, நுளம்பு வலையைக் கட்டுங்க. வேர்த்தா பூஞ்சணம் பிடிக்கும். எச்சத்தை ஒவ்வொரு நாளும் தட்டுங்க. சந்தை இலை வேண்டவே வேண்டாம், மருந்தடிச்சதெண்டா எல்லாம் ஒரே நாளில போயிரும்.

கூட்டுப்புழு ஒட்ட, சரிவா ஒரு குச்சி வைங்க. 10–12 நாளில வெளிவரும். செட்டை தொங்கி விரிய இடம் காணாட்டி சுருங்கினபடியே காய்ஞ்சிரும், மறுகா பறக்கவே மாட்டாது. கூட்டில சின்ன ஓட்டை விழுந்தா ஒட்டுண்ணிக் குளவி வெளியேறியிட்டுது எண்டு அர்த்தம்.

பதில் (கல்முனை):
அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. ஆனா பிள்ளைகளுக்கெண்டா எருக்கலையில வாற பிளெயின் டைகர் வண்ணத்துப்பூச்சி லேசு. அதின்ர புழுவுக்கு கறுப்பு-வெள்ளை-மஞ்சள் வரி, மூண்டு சோடி கறுப்புக் கொம்பு, தேடவே தேவையில்லை. எருக்கலைப் பால் கண்ணில படாமப் பாருங்க, இலையை நீங்களே பிடுங்கிக் குடுங்க.

கேள்வி (களுவாஞ்சிகுடி):
உடம்பு கறுப்புத்தான். தேசி (எலுமிச்சை) இலை குடுக்கலாமா?

பதில் (அக்கரைப்பற்று):
தேசியும் தின்னும். ஆனா கறிவேப்பிலையில வளர்ந்த புழுவை நடுவில மாத்தினா சிலது தின்னாமக் கிடந்து செத்திரும். தேசியிலேயே எடுத்த முட்டையெண்டா வாலில்லாத லைம் பட்டர்பிளையாவும் இருக்கலாம், வளர்க்கிற முறை ஒண்டுதான்.